பித்தளைத் தோட்டா உறைகளைத் துலக்கும் முறை

சுட்டபின் எஞ்சும் பித்தளைத் தோட்டா உறையை மீண்டும் நிரப்புமுன், அதில் படிந்துள்ள கரியையும் களிம்பையும் நீக்குதல் வேண்டும். பளபளப்பை மட்டுமே கருதுவோர்க்கு அம்மோனியா கலந்த திரவம் விரைவில் பலன் தரும். ஆயினும் அதுவே உறைக்குப் பகையாகும்.

இவ்வுண்மை இந்தியாவில் பெற்ற அனுபவத்தால் விளங்கிற்று. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், மழைப்பருவத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் கண்டன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே இதற்குக் காரணம் என்பதை 1921-ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையை இழுத்து உறையாக உருவாக்கும்போது, உலோகத்தினுள் இழுவிசை தங்கிவிடுகிறது. ஈரக் காற்றும் அம்மோனியாவும் ஒருங்கே தாக்கினால் அவ்வுலோகம் பிளக்கிறது.

ஆகவே, பொடித்த அக்ரோட்டு ஓட்டுத் துகளுடன் உருளையிலிட்டுச் சுழற்றுவது நன்று. அப்போது எழும் தூசியில் ஈயம் கலந்திருக்குமாதலால் அதைச் சுவாசிக்கலாகாது. உட்புறக் கரியும் நீங்கவேண்டுமாயின், நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் மட்டும் ஊறவைத்து, தூய நீரில் அலசி, நன்கு உலர்த்துதல் வேண்டும்.

விரிசல் கண்ட உறையை எம்முறையாலும் மீட்க இயலாது. சுடும்போது அது பிளந்து சுடுபவரையே காயப்படுத்தக்கூடும். துலக்குவதன் முதற்பயன் அழகன்று. அத்தகைய விரிசலைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதே ஆகும்.