துவர்க்கும் வைனுக்கு எந்தக் கறி?

கருஞ்சிவப்பு வைனை முதன்முறை சுவைப்பவர்கள் பலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் அதன் துவர்ப்பு. அது எப்படிப்பட்ட துவர்ப்பு என்று அறிய வைன் பாட்டிலைத் திறக்கக்கூட வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து, சாயம் நன்றாக இறங்கிய 'தே ஓ கோசோங்' ஒன்று கேளுங்கள். சீனியில்லாத அந்தத் தேநீரை ஒரு வாய் விழுங்கியதும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும். அதே தேநீரில் பாலை ஊற்றிக் குடித்துப் பாருங்கள், இழுப்பு அடங்கிவிடும்.

தேயிலைச் சாயத்திலும் சிவப்பு வைனிலும் இந்த வேலையைச் செய்வது டானின். வாயை வழவழப்பாக வைத்திருப்பவை எச்சிலில் உள்ள புரதங்கள். டானின் அவற்றைப் பிடித்துத் திரளவைப்பதால் வழவழப்பு போய் வாய் காய்கிறது. பால் சேர்ந்தால் டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பாலின் கேசின் புரதம் கிடைக்கிறது, எச்சில் தப்பிக்கிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சியைத் தின்றுகொண்டே வைன் குடிக்கும்போதும் நடப்பது ஏறக்குறைய இதுதான். வைனோடு எதைச் சாப்பிடலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

டானின் வருவது திராட்சையின் தோல், விதை, காம்பிலிருந்து. ஓக் பீப்பாயில் வைத்தால் மரத்திலிருந்தும் கொஞ்சம் இறங்கும். கபர்னே சோவின்யோன், தென்மேற்குப் பிரான்ஸின் தன்னா, இத்தாலியின் நெபியோலோ ஆகியவை துவர்ப்புக்குப் பேர்போன திராட்சைகள். நெபியோலோவில் செய்யும் பரோலோ வைனைக் குறைந்தது 38 மாதம் முதிரவைக்க வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில் என்பது இத்தாலிய விதி. நாளாக ஆகத் துவர்ப்பு இளகும்.

இனி நம் வாழையிலைக்கு வருவோம். இங்கே வைனுக்குப் பெரிய எதிரி மிளகாய். வாயில் சூட்டை உணரும் நரம்புகளில் மிளகாயின் காரம் தூண்டும் அதே ஏற்பியைத்தான் மதுவும் தூண்டுகிறது. 14 விழுக்காடு மது உள்ள வைனை நண்டுப் பெரட்டலோடு குடித்தால் எரிச்சல் ஏறும், காய்ந்த வாயில் அது இன்னும் உறைக்கும். மீன் கறியும் சரிவராது. சிவப்பு வைனில் உள்ள இரும்புச்சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சையைத் தூக்கிக் காட்டும். ரசமும் புளிக்குழம்பும் ஊற்றிய சோற்றுக்கு இந்த வைன் வேண்டவே வேண்டாம்.

என் தேர்வு ஆட்டுக்கறிப் பெரட்டல். பட்டை, அன்னாசிப்பூ, சோம்பு போட்டு, எலும்போடு வெந்து, எண்ணெய் பிரிந்து, மசாலா கறியில் ஒட்டி நிற்கும் பெரட்டல். அந்தக் கொழுப்பில்தான் துவர்ப்பு தணியும். ஒவ்வொரு மிடறும் நாக்கில் படிந்த நெய்ப்பசையைத் துடைத்து, அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக்கும். வீட்டில் சமைப்பவர்கள் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து, மிளகைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு ஆஸ்திரேலிய ஷிராஸ் வைனைவிடப் பொருத்தமான துணை இல்லை. ஷிராஸில் வரும் மிளகு வாசம் வெறும் பிரமையல்ல. அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தார்கள். கறுப்பு மிளகின் வாசத்துக்கும் அதுவே காரணம்.

கிள்ளானில் இதே பொருத்தம் வைன் இல்லாமலேயே நடக்கிறது. 2024-இல் மலேசியாவின் தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்ட பாக் குட் தே, மூலிகைச் சாற்றில் கொதித்த கொழுத்த பன்றி விலா. அதோடு சின்னச் சின்னக் கிண்ணங்களில் கெட்டியான சீனத் தேநீரை ஊற்றி ஊற்றிக் குடிப்பார்கள். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. கொழுப்புக்குத் துவர்ப்பு என்று யாரும் பாடம் எடுக்காமலேயே அந்த மேசை அமைந்துவிட்டது. துவர்ப்பு வைனைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் பன்றிக்கறி சாப்பிடுபவராக இருந்தால், முதலில் கிள்ளானுக்குப் போகச் சொல்வேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சிவப்பு வைனைக் குளிர்விக்காமல் குடிக்கும் வழக்கம் குளிர்நாட்டு வீடுகளுக்குச் சரி. கோலாலம்பூரின் 30 பாகை வெக்கையில் மது நெடிதான் முந்திக்கொண்டு வரும். 16 முதல் 18 பாகை போதும். அடுப்பில் பெரட்டல் சுண்டத் தொடங்கும்போது பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்து, அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் எடுத்துவிடுங்கள். இன்னும் அதிகமாகக் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகிவிடும்.