இரண்டு வாயில் உள்ள வலையமைப்பில் முகவரி மாற்றம்

மாணவர்களே, 192.168 எனத் தொடங்கும் முகவரியைக் கண்டதும் 'தனியார் முகவரி' என்று விடை எழுதிவிடுகிறீர்கள். சரிதான். ஆனால் அம்முகவரி இணையத்தில் செல்லுபடியாகாதே, பொதி எப்படி வெளியே போகிறது என்று கேட்டால் பலர் தடுமாறுகிறீர்கள்.

ஐபிவி4 முறையில் இருப்பவை ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே. ஆகவே பல கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியேறும் பொதியின் மூல முகவரியை ரவுட்டர் மாற்றி, துறை இலக்கத்துடன் அட்டவணையில் பதிந்துகொள்ளும். பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்பும். இதுவே நாட் எனப்படும் முகவரி மாற்றம்.

இனிச் சிக்கலான பகுதி. கட்டுகஸ்தோட்டையில் ஒரு கணினிக்கூடம் இருப்பதாகக் கொள்வோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைத் தாக்கியதை நினைத்தால், ஒரே இணைப்பை நம்பியிருப்பது புத்தியல்ல என்பது புரியும். எனவே அங்கே இரண்டு இணைப்புகள்: பைபர் வாயிலின் பொது முகவரி 203.0.113.10, 4ஜி வாயிலின் பொது முகவரி 198.51.100.20.

பைபரின் முகவரியை இட்ட பொதி 4ஜி வாயிலால் வெளியேறினால் என்ன ஆகும்? அந்த நிறுவனம் அதைத் தன்னுடையதல்லாத முகவரி என்று தடுக்கலாம். தடுக்காவிட்டாலும் பதில் பைபர் பக்கமே வரும். பைபர் அறுந்திருந்தால் பதிலே இல்லை. கடிதத்தைக் கண்டியில் போட்டுவிட்டு, பதில் முகவரியாகப் பூட்டிய வீட்டின் முகவரியை எழுதியது போலத்தான்.

இதைத் தடுக்கவே சிஸ்கோ ரவுட்டர்களில் ரூட் மெப் பயன்படுகிறது. வாயிலுக்கு ஒன்றாக இரண்டு எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு நிபந்தனைகள்: பொதி உள் வலையமைப்பிலிருந்து வந்ததா? இந்த வாயிலால் வெளியேறுகிறதா? இரண்டும் பொருந்தினால் அந்த வாயிலின் முகவரி இடப்படும். முகவரிப் பட்டியல் மட்டும் போதாது; அது புறப்பட்ட இடத்தை அறியுமே தவிர வெளியேறும் வாயிலை அறியாது.

பலர் புள்ளி இழக்கும் இடம் இதுதான்: 'ரூட்' என்ற சொல்லைப் பார்த்து, இது பாதையைத் தெரிவுசெய்கிறது என்று எழுதுகிறார்கள். இங்கே அப்படியல்ல. உள்ளிருந்து வெளியே போகும் பொதிக்கு முதலில் வழிப்படுத்தல் அட்டவணை பாதையைத் தீர்மானிக்கும். பின்னரே முகவரி மாறும். பாதையையே தெரிவுசெய்ய ரூட் மெப்பைப் பயன்படுத்தும் வேறொரு முறையும் உண்டு. அதை இதனுடன் குழப்ப வேண்டாம்.

இன்னொன்று: பைபர் அறுந்து 4ஜிக்கு மாறும்போது பொது முகவரியும் மாறுவதால் நடுவில் இருந்த தொடர்புகள் முறியும். புதிதாகத் தொடங்குபவை இயங்கும்.

பயிற்சி: 192.168.10.25 இலிருந்து புறப்பட்ட பொதி 4ஜி வாயிலால் வெளியேறுகிறது. வெளியே தெரியும் மூல முகவரி யாது?
விடை: 198.51.100.20