மெம்ஃபிஸில் செய்தி யார் கையில்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-இல் வடக்குப் படைகள் மெம்ஃபிஸ் நகரை நெருங்கியபோது, அங்கே வெளிவந்துகொண்டிருந்த 'அப்பீல்' நாளிதழ் அச்சு இயந்திரத்தை ரயிலில் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் பக்கம் நின்ற பத்திரிகை அது. மிசிசிப்பி, ஜார்ஜியா, அலபாமா என்று ஓடி, தங்கிய இடத்திலெல்லாம் அச்சடித்து, போர் முடியும் தறுவாயில் 1865-இல்தான் பிடிபட்டது. பிறகு ஊர் திரும்பி மறுபடியும் வரத் தொடங்கியது. இன்றைய 'கமர்ஷியல் அப்பீல்' அதன் வாரிசு.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஊரில் இன்னொரு பத்திரிகை விரட்டப்பட்டது. அது திரும்பி வரவே இல்லை.

அதன் பெயர் 'ஃப்ரீ ஸ்பீச்'. நடத்தியவர்களில் ஒருவர் ஐடா பி. வெல்ஸ், அடிமையாகப் பிறந்து, ஆசிரியையாக இருந்து, பத்திரிகைக்கு வந்தவர். 1892 மார்ச்சில் கறுப்பினத்தவர் நடத்திய ஒரு மளிகைக் கடையைச் சேர்ந்த மூன்று பேரை வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. எதிரே கடை வைத்திருந்த வெள்ளை வியாபாரிக்கு அவர்கள் போட்டியாக இருந்ததில்தான் தகராறு தொடங்கியது. 'உயிருக்குப் பாதுகாப்பில்லாத ஊரில் இருக்காதீர்கள், காசைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள்' என்ற பொருளில் வெல்ஸ் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். வருமானம் விழுந்ததும் டிராம் கம்பெனி அதிகாரிகள் அவருடைய அலுவலகத்துக்கே வந்து பேசினார்கள். மே மாதம், அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு கும்பல் பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கியது. ஊர்ப்பக்கம் வந்தால் உயிர் இருக்காது என்று மிரட்டல் வேறு. அமெரிக்காவின் உயர்ந்த பத்திரிகை விருதான புலிட்சரின் சிறப்புப் பாராட்டு 2020-இல், அவர் இறந்து 89 ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்குக் கிடைத்தது. 2021-இல் மெம்ஃபிஸிலேயே சிலையும் வைத்தார்கள்.

டென்னசி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த நகரில் 2020 கணக்குப்படி ஏறத்தாழ 6.3 லட்சம் பேர் வாழ்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் கறுப்பினத்தவர். அப்படிப்பட்ட ஊரில் கறுப்பினத்தவர் ஒருவர் தேர்தலில் ஜெயித்து மேயராக 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வில்லி ஹெரன்டன் ஜெயித்த வித்தியாசம் 142 வாக்குகள்தான்.

இந்த மக்களின் அன்றாடம் பெரிய பத்திரிகைகளில் வெகுகாலம் இடம்பெறவில்லை. அந்த இடத்தை நிரப்பியது ஒரு வானொலி. டபிள்யூடிஐஏ நிலையம் 1947-இல் தொடங்கியது. வெள்ளையர் இருவருக்குச் சொந்தம். நேயர்கள் சேரவில்லை, நஷ்டம் துரத்தியது. வேறு வழியில்லாமல் 1948-இல் நாட் டி. வில்லியம்ஸ் என்ற பள்ளி ஆசிரியரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். முழுக்கவும் கறுப்பின மக்களுக்காகவே நிகழ்ச்சி நடத்திய முதல் அமெரிக்க வானொலி என்ற பெயர் கொஞ்ச நாளில் அதற்கு வந்துவிட்டது. நல்லெண்ணம் பிறந்து செய்த காரியமல்ல, வியாபாரக் கணக்கு. ஆனால் பலன் கணக்கை மீறிப் போனது. ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் முதலில் ஊராருக்குத் தெரிந்தது இதன் வழியாகத்தான். பாட்டுக்கு நடுவே காணாமல் போன பிள்ளை, தொலைந்த பொருள், தேவாலயக் கூட்டம் என்று அறிவிப்புகள் ஓடின. 1954-இல் நிலையம் 50,000 வாட்டாக வலுவடைந்தபோது, பக்கத்து மாநிலங்களின் பருத்தி வயல்கள் வரை குரல் எட்டியது.

பெரிய பத்திரிகைகளுக்கும் இந்த மக்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி 1968-இல் அப்பட்டமாகத் தெரிந்தது. பிப்ரவரி 1 அன்று, மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்களை லாரியின் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12 முதல் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டைகள் உலகம் முழுக்கப் படமாகப் போயின. உள்ளூரின் இரண்டு பெரிய நாளிதழ்களோ மேயர் ஹென்றி லோப் பக்கம். போதாததற்குக் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் 'ஹாம்போன்' சித்திரம் அப்போதும் 'கமர்ஷியல் அப்பீலில்' வந்துகொண்டிருந்தது. 1923-இல் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைத் தோலுரித்துப் புலிட்சர் வாங்கியதும் இதே பத்திரிகை என்பதை என்னவென்று சொல்வது! போராட்டக்காரர்கள் நகர மையத்துக் கடைகளோடு நாளிதழ்களையும் புறக்கணித்தார்கள். போராட்டத்துக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று ஊரின் லொரைன் மோட்டலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பன்னிரண்டு நாள் கழித்து நகராட்சி இறங்கி வந்தது.

அந்தக் கொலையின் ஐம்பதாம் ஆண்டு நெருங்கும் வேளையில், 2017-இல், முன்பு 'கமர்ஷியல் அப்பீலில்' பத்தி எழுதிய வெண்டி சி. தாமஸ் 'எம்எல்கே50' என்ற லாப நோக்கமற்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆட்களும் பணமும் கொஞ்சம்தான். கட்டணம் கட்ட முடியாத ஏழை நோயாளிகள்மீது உள்ளூரின் பெரிய மருத்துவமனை நிறுவனம் ஒன்று ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டிருந்ததை 2019-இல் அவர் எழுதினார். அந்த நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. அதே நிறுவனத்திடம் சம்பளம் வாங்கும் ஊழியர்கள்மீதும் வழக்கு இருந்தது என்பது தனிக் கூத்து.

அடுத்தது பாக்ஸ்டவுன். விடுதலை பெற்ற அடிமைகள் ரயில் பெட்டிகளின் மரத்தைக் கொண்டு வீடு கட்டிக் குடியேறிய தென்மேற்குப் பகுதி. இந்த வழியாக 49 மைல் நீளத்துக்குக் கச்சா எண்ணெய்க் குழாய் பதிக்க இரண்டு கம்பெனிகள் 2019-இல் திட்டம் அறிவித்தன. குழாய், நகரம் குடிக்கும் நிலத்தடி நீருக்கு மேலேயே போகும். எதிர்ப்பு மிகக் குறைவாக இருக்கும் இடம் இது என்ற பொருளில் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஜஸ்டின் பியர்சன் என்ற இளைஞரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து அமைப்பு தொடங்கினார்கள். 'எம்எல்கே50' விடாமல் எழுதியது. முன்னாள் துணை அதிபர் அல் கோர் வந்து பேசினார். 2021 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. பெருந்தொற்றால் எண்ணெய் உற்பத்தி குறைந்ததுதான் காரணம் என்றது கம்பெனி. பாக்ஸ்டவுனில் அதை நம்பியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

பியர்சன் 2023-இல் மாநில சட்டமன்றத்துக்குப் போனார். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு அவையில் முழக்கமிட்டதற்காக ஏப்ரலில் அவரைப் பதவி நீக்கினார்கள். ஒரு வாரத்துக்குள், மெம்ஃபிஸ் அடங்கிய ஷெல்பி கவுண்டியின் மன்றம் அவரையே திருப்பி அனுப்பியது.

இப்போது அதே தென்மேற்குப் பகுதியில் எலான் மஸ்கின் எக்ஸ்ஏஐ கம்பெனி, மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையில் பிரம்மாண்டமான கணினி மையத்தை நடத்துகிறது. மின்சாரத்துக்காக அது இயக்கும் எரிவாயு டர்பைன்களின் புகைதான் புதிய சண்டை. 2025 ஏப்ரலில் ஒரு பள்ளியில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மக்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். ஜூலையில் கவுண்டியின் சுகாதாரத் துறை 15 டர்பைன்களுக்கு அனுமதி வழங்கியது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.