வலி நின்றால்தான் பயப்பட வேண்டும்

கனடாவின் வின்னிபெக்கில் எனக்கு அது முதல் குளிர்காலம். பேருந்துக்காக இருபது நிமிடம் நின்றேன். தலையில் தொப்பி இருந்தது, ஆனால் காதை மூடாத தொப்பி. முதலில் காது எரிந்தது, அப்புறம் ஊசி குத்துவதுபோல் வலித்தது, அப்புறம் வலியே இல்லை. பரவாயில்லையே, உடம்பு பழகிக்கொண்டதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டி என் முகத்தைத் திரும்பிப் பார்த்ததும் பதறிப்போய்த் தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்து என் தலையோடு சேர்த்துக் கட்டினார். என் மாநிறக் காதின் விளிம்பு மெழுகு பூசியதுபோல் சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தது.

வெயிலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நாக்கு வறண்டால், தலை கிறுகிறுத்தால் நிழலுக்கு ஒதுங்க வேண்டும் என்பது மதுரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கடுங்குளிரின் அடையாளங்கள் நம் உடம்புக்குப் பரிச்சயமில்லாதவை. அதைவிட மோசம், ஆபத்து முற்றும்போது அவை அடங்கிவிடுகின்றன.

தோல் உறையும் நேரம்

இங்கே வானிலை அறிக்கையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று காற்றின் வெப்பநிலை, மற்றது 'விண்ட் சில்', அதாவது காற்று வீசும்போது வெறும் தோலுக்கு உறைக்கும் குளிர். கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் இதற்குப் புதிய கணக்கீட்டு முறையை ஏற்றுக்கொண்டன. மைனஸ் 25 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் விண்ட் சில் மைனஸ் 39. அந்த அளவில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடமே போதும். கிளம்பும்முன் நான் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

மூக்கு நுனி, காது, கன்னம், விரல்கள்தான் முதலில் மாட்டுபவை. மரத்துப்போய் வெளுத்திருந்தால் உடனே உள்ளே போங்கள். தேய்க்கவே கூடாது. பனியை வைத்துத் தேய்ப்பது பழைய மடமை. உறைந்த திசு கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில், சுமார் 37 முதல் 39 டிகிரியில், அமிழ்த்தி வையுங்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் நீரை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். அடுப்பிலும் ஹீட்டரிலும் காட்ட வேண்டாம். உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

நடுக்கம் அடங்கிய பிறகு

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் கிடுகிடுவென நடுக்கம். அடுத்து நாக்குக் குழறும், கைப்பொருள் நழுவும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள், ஆள் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். ஈர உடையைக் களைந்து, மார்பையும் வயிற்றையும் முதலில் போர்த்தி, அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள். 'ஒரு பெக் போட்டால் சூடாகும்' என்ற நண்பர்களின் வைத்தியம் வேண்டாம். மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. அந்த நேரத்துக்கு இதமாகத் தோன்றும், உள்வெப்பமோ வெளியே ஓடிவிடும்.

பருத்தி பனியனும் தங்கத் தோடும்

ஊரில் பருத்தியைவிட நல்ல துணி இல்லை. இங்கே அதே பருத்தி, வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரத்துணியாக உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத கோட் என மூன்று அடுக்கு வேண்டும். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும் மிட்டன் கதகதப்பானது. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்தவோட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். தோடு, மூக்குத்தி போன்ற உலோகங்கள் தோலின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சுவதால், நெடுநேரம் வெளியே நிற்கும் நாட்களில் அவற்றைக் கழற்றியோ மூடியோ வையுங்கள்.

வீட்டுக்குள் பாலைவனம்

அதிகுளிர்ந்த காற்றில் ஈரம் ஏறக்குறைய இல்லை. அதைச் சூடாக்கி வீட்டுக்குள் விடும்போது உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், குதிகால் பிளக்கும். கொதிக்கக் கொதிக்க நீண்ட நேரம் குளிப்பது தோலின் எண்ணெயையும் கழுவிவிடும். சீக்கிரம் குளித்து, ஈரம் காயும்முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். குளியலறையில் அது வெண்ணெய்க்கட்டிபோல் உறைந்திருக்கும். உள்ளங்கைச் சூட்டில் உருகிவிடும். தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். குளிரில் சிறுநீர் அதிகம் பிரிவதால் உடல் நமக்குத் தெரியாமலே வறள்கிறது.

இட்லி மாவு புளிக்க, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைப்பது இங்குள்ள தமிழ் வீடுகளில் எல்லோரும் அறிந்த உபாயம். அதே ஓவன் கேஸில் எரிவதாக இருந்தால், அதைத் திறந்துவைத்து வீட்டைச் சூடாக்குவதும், கரி அடுப்பை உள்ளே மூட்டுவதும் உயிருக்கே உலை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. அதற்கென்று தனி அலாரம் வேண்டும். சாம்பிராணி போட்டதும் அலறும் புகை அலாரம் இதைக் கண்டுகொள்ளாது. கார் எஞ்சினை ஓடவிடும்முன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்க்கரையும் இதயமும்

நம்மவர்களில் பலருக்கு இருக்கும் சர்க்கரை நோய் இங்கே தனிக் கவனம் கேட்கிறது. நரம்பு பாதித்த கால், உறைந்தாலும் சொல்லாது. வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றி விரலிடுக்கு வரை பாருங்கள். இன்சுலினைக் கோட்டின் உள்பையில், உடம்பை ஒட்டி வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வாசலில் பனி அள்ளுவது சாதாரண வேலைபோலத் தெரியும். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குகிறோம். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் இந்த வேலையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் காசு கொடுத்து விட்டுவிடலாம். மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, தூக்காமல் தள்ளுங்கள். நெஞ்சு இறுகினால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

நாலரை மணிக்கே இருட்டு

டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணி நேரம்தான். ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவைத்தான் இது அதிகம் வாட்டும். ஓயாத தூக்கம், இனிப்பின்மேல் ஆசை, யாரிடமும் பேசப் பிடிக்காமை எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் 'சோம்பல்' என்று திட்டாதீர்கள். அது பருவகால மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டு, காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காருவது பலருக்கு உதவுகிறது. நண்பகலில் கொஞ்சம் நடந்தாலும் நல்லதே; வழுக்கும் பாதையில் பெங்குவின்போல் சிறு அடி வைத்து நடங்கள்.

அந்த வெயிலை நம்பி வைட்டமின் டி-யை விட்டுவிட முடியாது. இதே கனடாவின் எட்மன்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை சூரிய ஒளியால் தோலில் அது உருவாவதில்லை என்று 1988-லேயே ஓர் ஆய்வு காட்டியது. வின்னிபெக் அதைவிடச் சற்றே தெற்கு, அவ்வளவுதான். கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலாக வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 600 யூனிட், 70 வயது தாண்டினால் 800 என்பது கனடா சுகாதாரத் துறையின் பரிந்துரை.

என் காதோரம் ஒரு வாரம் உரிந்து ஆறியது. ஆனாலும் இன்றுவரை மற்ற இடங்களுக்கு முன்பாகக் குளிர் அங்கேதான் உறைக்கிறது. ஒருமுறை உறைந்த தோல் அப்படித்தான் என்றார் மருத்துவர். அது எரியத் தொடங்கியதும் பேருந்து வந்தாலும் வராவிட்டாலும் பக்கத்துக் காபிக் கடைக்குள் நுழைந்துவிடுகிறேன்.