ஆடை ஒன்று, பார்வை பல

கட்டைபறிச்சான், மூதூர்ப் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்து, ஒரே சந்தையில் மீன் வாங்கி வாழ்கிறோம். ஒருவரின் உடையை மற்றவர் நாளாந்தம் காண்கிறோம். ஆனால் காண்பது வேறு, விளங்கிக்கொள்வது வேறு. முஸ்லிம் பெண்ணின் உடை பற்றிய பல பிரச்சினைகள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அபாயா என்பது உடலை மறைக்கும் நீண்ட அங்கி. ஹிஜாப் தலையையும் கழுத்தையும் மறைப்பது. பாடசாலையில் நாம் அதைப் பர்தா என்கிறோம். நிகாப் முகத்தை மறைப்பது. மூன்றும் வெவ்வேறானவை. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் பலருக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிகின்றன.

அல்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் 30ஆம் வசனம் ஆண்களிடம் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறது. 31ஆம் வசனம் பெண்களிடமும் அதையே சொல்லி, தலைத்துணியால் மார்பை மறைக்கும்படியும் கூறுகிறது. நிறத்தையோ தையலையோ அது குறிப்பிடவில்லை. முகத்தை மறைப்பது கடமையா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

என் மூத்தம்மா சேலை முந்தானையால் முக்காடு போடுவார். உம்மா அபாயா அணிகிறார். மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குப் போய் வந்தவர்களாலும் மார்க்க வகுப்புகளாலும் அபாயா நம் ஊர்களில் பரவியது. சிலர் இதை "அரபு உடை" என்கிறார்கள்; அணிபவருக்கோ அது வசதியும் வணக்கமும். இருவரின் ஈமானையும் துணியை வைத்து அளக்க முடியாது.

2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 1923இல் தொடங்கிய அக்கல்லூரியின் மரபு சேலை என்பது பெற்றோரின் வாதம். உடலை மறைக்கும் உடை தம் உரிமை என்பது ஆசிரியைகளின் வாதம். ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டனர். பின்னர் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம் நியாயத்தைக் கண்டது. ஒரு பாடசாலையின் மரபைப் பெற்றோர் நேசிப்பதில் பிழையில்லை. ஆனால் ஆசிரியையின் உடை அந்த மரபுக்கு எதிரான அறைகூவல் என்று வாசிக்கப்பட்டதுதான் துயரம்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதலின் பின் பார்வைகள் இன்னும் கடுமையாகின. முகத்தை மறைப்பது அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டது. அம்மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் தம் ஆடையிலிருந்த சித்திரத்துக்காகக் கைதானார். பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று பொலிஸார் கருதிய அது, கப்பலின் சுக்கான் சக்கரம்! துறைமுக மாவட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அது பழகிய வடிவம். அவரோ இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாகப் பின்னர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என்னைப் போன்ற உயர்தர மாணவியருக்கு மிக நெருக்கமான நிகழ்வு 2024இல் நடந்தது. திருகோணமலை சாஹிரா கல்லூரி மாணவியர் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காதுகள் தெரியாதபடி தலையை மூடியிருந்தனர் என்பது காரணம். பதின்மூன்று வருடப் படிப்பு ஒரு துணியின் மடிப்பில் தொங்கி நின்றது.

காதில் கருவியை ஒளித்துப் பார்த்தெழுதலாம் என்ற அச்சம் நியாயமானதே. நேர்மையாக எழுதும் மாணவிக்கும் அந்தச் சோதனை பாதுகாப்புத்தான். ஆகவே மண்டபத்துக்குள் போகுமுன் பெண் அதிகாரி ஒருவர் தனியிடத்தில் காதுகளைப் பார்த்துவிட்டால் போதும். பரீட்சையின் நேர்மையும் மாணவியின் மானமும் ஒருங்கே காக்கப்படும். விதி எதுவாயினும் அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பதும் அவசியம்.

அடையாளத்தை உறுதிப்படுத்துவதும் பாதுகாப்பைப் பேணுவதும் அரசின் கடமை. அதற்காக முகத்தையோ காதையோ காட்டச் சொல்லலாம். ஆனால் துணியைப் பார்த்து உள்ளத்துக்குத் தீர்ப்பெழுத எவருக்கும் உரிமையில்லை. இது மாற்று மதத்தவருக்கு மட்டுமான பேச்சல்ல. பர்தா அணியாத சகோதரியைத் தாழ்வாகவும், நிகாப் அணிந்தவளைத் தீவிரமானவளாகவும் எண்ணும் நமக்கும் பொருந்தும்.

பெற்றோரே, உங்கள் மகளுக்கு உடையைக் கொடுக்கும்போது அதன் காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தோழியரே, பஸ்ஸில் அருகிலிருப்பவர் நம் உடையைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்வோம். அவருடைய பொட்டைப் பற்றி, தாலியைப் பற்றி நாமும் மரியாதையாகக் கேட்போம். கேட்டு அறிந்தவர் சந்தேகப்படுவது குறைவு.