நேபாளத்தில் கயாக் ட்ரிப்: உங்க கேங்கில் கயிறு வீசத் தெரிந்தவர் யார்?

வெள்ளை நுரையாகப் பாயும் ஆற்றில் உங்கள் கயாக் கவிழ்ந்துவிட்டது. தண்ணீருக்கடியில் தலைகீழாக இருக்கிறீர்கள். இரண்டு முறை நிமிரப் பார்த்தும் முடியாமல், படகை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். பக்கத்தில் ரோடு கிடையாது, மொபைலில் சிக்னல் கிடையாது. அடுத்த பத்து வினாடியில் உதவக்கூடிய ஒரே ஆள், கரையில் கயிற்றோடு நிற்கிற உங்க ஃப்ரெண்ட்.

அவர் அந்த நேரம் பார்த்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தால்?

வாட்ஸ்அப் குரூப்பில் "நேபாளம் போலாமா மச்சி" என்று பேச்சு ஆரம்பித்ததும் எல்லோரும் டிக்கெட் விலையைத்தான் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது, கூட வருகிறவர்களை.

எந்த ஆறு?

கயாக்கர்களிடம் கேட்டால் பலர் சொல்லும் பெயர் சுன் கோசி. காத்மாண்டுவுக்குக் கிழக்கே டோலால்காட்டில் தண்ணீரில் இறங்கினால், சத்ராவில் கரையேறும்வரை சுமார் 270 கிலோமீட்டர். 8 முதல் 10 நாட்கள் ஆகும். சாப்பாடு, டென்ட் எல்லாம் கூடவே வரும் ராஃப்ட்டில். ராத்திரி தூக்கம் ஆற்று மணலில்.

இதில் ஒரு விஷயம் இருக்கு. வழியில் தாமா கோசி, தூத் கோசி என்று ஒவ்வொரு ஆறாக வந்து கலக்கும். முதல் நாள் பார்த்த ஆறு வேறு, ஆறாவது நாள் பார்க்கிற ஆறு வேறு. நீங்கள் களைத்துப்போகும் நேரத்தில்தான் தண்ணீர் பெருசாகும்.

கிரேடு என்றால்?

ஆற்றின் கஷ்டத்தை 1 முதல் 6 வரை அளக்கிறார்கள். 1 சும்மா ஓடும் தண்ணீர். 6 என்றால் கிட்டத்தட்ட உயிரைப் பணயம் வைப்பது. சுன் கோசியில் பெரும்பாலும் 3, 4. ஆனால் இந்த நம்பர் கல்வெட்டு இல்லை. மழைக்காலத்தில் அதே இடம் ஒரு படி மேலே போய்விடும். அதனால்தான் அக்டோபர், நவம்பரில் கூட்டம். ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால், 3-ஐயும் 4 மாதிரி நினைத்து நடந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

ஆபத்து அலையில் இல்லை, பெரும்பாலும் பாறைக்குப் பின்னால்தான். பாறை மேல் ஏறி விழும் தண்ணீர் திரும்பி மேல்நோக்கிச் சுழலும். உள்ளே மாட்டினால் ஆளையும் படகையும் வாஷிங் மெஷின் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்போ கேங் என்ன செய்யணும்?

எவரெஸ்ட் பக்கத்திலிருந்து வரும் தூத் கோசியில் 1976-ல் கயாக்கில் இறங்கியது ஒரு பிரிட்டிஷ் டீம். தலைவர் மைக் ஜோன்ஸ், தொழிலில் டாக்டர். இரண்டே வருஷத்தில், 1978-ல், பாகிஸ்தானின் பிரால்டு ஆற்றில் டீம்மேட் ஒருவரைக் காப்பாற்றப் போன இடத்தில் அவரே இறந்துபோனார். அவ்வளவு அனுபவம் இருந்தவருக்கே இந்த நிலை.

இன்றைய மீட்புப் பயிற்சிகளில் வரிசை தெளிவு: முதலில் உன் பாதுகாப்பு, அப்புறம் டீம், அப்புறம்தான் தண்ணீரில் இருப்பவர். கரையிலிருந்து கயிறு வீசுவது முதல் வழி. நீந்திப் போவது கடைசி வழி. நம்ம சினிமா ஹீரோக்கள் செய்வது அப்படியே தலைகீழ்!

ஆற்றுச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. துடுப்பை நேராகத் தூக்கினால் 'வா', படுக்கவாட்டில் பிடித்தால் 'நில்'. விசில் மூன்று முறை நீளமாக அடித்தால் ஆபத்து. இதை ஃப்ளைட் ஏறும் முன்பே எல்லோரும் பழகியிருக்கணும்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். "எனக்கு இந்த இடம் வேண்டாம், படகைத் தூக்கிக்கிட்டுக் கரையில நடந்து வரேன்" என்று ஒருத்தர் சொன்னால், உங்க குரூப் கலாய்க்குமா? கலாய்க்கும் என்றால் அந்த குரூப்போடு கோவா போங்கள், சுன் கோசி வேண்டாம்.

கிளம்பும் முன்

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. கயாக், ஹெல்மெட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். டிராவல் இன்ஷூரன்ஸில் மட்டும் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகளுக்கு கவர் இருக்காது. ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள்.

கவிழ்ந்த படகை நிமிர்த்தவே இன்னும் தெரியாதா? பொக்காரா பக்கம் சேத்தி ஆற்றில் சில நாள் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. தண்ணீர் மற்ற மலை ஆறுகள் அளவுக்குச் சில்லென்று இருக்காது. முதல் ட்ரிப்புக்கு அது போதும்.