இந்தியாவில் ஒளிப்படங்களின் பதிப்புரிமை

இந்தியாவில் ஒளிப்படங்களின் பதிப்புரிமை என்பது, ஒளிப்படம் ஒன்றைப் படியெடுக்கவும், வெளியிடவும், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் யாருக்கு உரிமை உண்டு என்பதை வரையறுக்கும் சட்ட ஏற்பாடு ஆகும். சனவரி 21, 1958 முதல் நடைமுறையில் உள்ள பதிப்புரிமைச் சட்டம், 1957 இதற்கு அடிப்படையாகும். படம் எடுத்தவரே உரிமையாளர் என்பது பொது விதி. எனினும், வாடிக்கையாளர் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, அவ்வாடிக்கையாளரே முதல் உரிமையாளர் ஆவார்.

வரலாறு

பிரித்தானியாவின் 1911 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், சில மாற்றங்களுடன் 1914 இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம், மூல எதிர்மறைப் படச்சுருளை (நெகட்டிவ்) உடையவரையே ஒளிப்படத்தின் படைப்பாளியாகக் கருதியது. 1957 ஆம் ஆண்டுச் சட்டம் இதனைக் கைவிட்டு, படம் எடுத்தவரையே படைப்பாளி என்றது. ஆனால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை என்ற பழைய விதி தொடர்ந்தது.

முதல் உரிமையாளர்

சட்டத்தின் 17 ஆம் பிரிவு முதல் உரிமையாளர் யார் என்பதைக் கூறுகிறது. வாடிக்கையாளர் உரிமை பெற இரண்டு நிபந்தனைகள் உள்ளன:

1. படம் அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.
2. அதற்காகப் பணமோ மதிப்புள்ள வேறு கைம்மாறோ தரப்பட்டிருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கூலி பேசி எடுக்கப்படும் திருமணப் படங்களும், நிலையத்தில் எடுக்கப்படும் கடவுச்சீட்டுப் படங்களும் இவ்வகையின. கோயில் திருவிழாவில் ஒருவர் தாமாகவே படம் எடுத்துப் பின்னர் விற்றால், பதிப்புரிமை அவருடையதே. நண்பர் ஒருவர் கைம்மாறின்றி எடுத்துக் கொடுத்த படமும் அவ்வாறே.

செய்தித்தாளில் பணிபுரிபவர் தம் பணியின்போது எடுத்த படத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, இதழ் உரிமையாளருக்கு உரியது. ஏனைய உரிமைகள் படம் எடுத்தவரிடமே இருக்கும்.

வாடிக்கையாளரின் உரிமைகள்

முதல் உரிமையாளரான வாடிக்கையாளர் தம் படத்தை வேறு கடையில் அச்சிடலாம். வருடி (ஸ்கேனர்) மூலம் படியெடுத்து உறவினர்களுக்கு வழங்கலாம். இதற்குப் படம் எடுத்தவரின் அனுமதி தேவையில்லை. மாறாக, ஒளிப்பட நிலையம் அப்படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தவோ, கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வைக்கவோ விரும்பினால், வாடிக்கையாளரின் இசைவைப் பெற வேண்டும்.

பதிப்புரிமை வேறு, படச்சுருள் அல்லது எண்ணிமக் கோப்பு வேறு. கோப்புகளை யார் வைத்திருக்கிறார் என்பது பதிப்புரிமையைத் தீர்மானிப்பதில்லை. அவற்றை ஒப்படைப்பது குறித்து முன்னரே எழுதிக்கொள்வது நல்லது.

மேற்கூறிய விதியை உடன்பாட்டின் மூலம் மாற்ற இயலும். ஆகவே, நிலையங்கள் தரும் பதிவுப் படிவத்தில் உரிமை தமக்கே என்ற வரி உள்ளதா எனப் பார்த்துக் கையொப்பமிடுதல் வேண்டும்.

படைப்பாளியின் உரிமைகள்

பதிப்புரிமை வாடிக்கையாளரிடம் இருந்தாலும், படம் தம்முடைய படைப்பு எனக் கோருவதற்கும், தம் நற்பெயருக்குக் கேடு விளையுமாறு அது சிதைக்கப்படுவதை எதிர்ப்பதற்கும் படம் எடுத்தவருக்கு 57 ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது.

காலவரை

தொடக்கத்தில் ஒளிப்படங்களுக்கான பாதுகாப்பு, வெளியிடப்பட்டதிலிருந்து 50 ஆண்டுகளாக இருந்தது. 1992 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை 60 ஆண்டுகளாக்கியது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், படைப்பாளியின் வாழ்நாளில் வெளியிடப்பட்ட படங்களுக்கு, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை பாதுகாப்பு உண்டு. வாடிக்கையாளர் உரிமையாளராக இருந்தாலும், படம் எடுத்தவரின் வாழ்நாளே இங்குக் கணக்கிடப்படுகிறது.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் ஆகத்து 1, 1989 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் உரிமையைப் படம் எடுத்தவருக்கு அளித்தது. எனினும், குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படங்கள் வெளியிடப்படுவதைத் தடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. கனடா 2012 இலும், சிங்கப்பூர் 2021 இலும் இத்தகைய படங்களின் உரிமையைப் படம் எடுத்தவருக்கு மாற்றின. கனடாவில் வாடிக்கையாளர் தனிப்பட்ட, வணிகமல்லாத தேவைக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். ஐக்கிய அமெரிக்காவில், தனித்தொழில் செய்யும் கலைஞர் எடுக்கும் திருமணப் படங்களின் உரிமை, எழுத்து மூலம் மாற்றித் தரப்படாத வரை அவருக்கே உரியது. எனவே, அந்நாட்டு நிலையங்கள் விதிக்கும் படியெடுத்தல் தடைகளை அவ்வாறே இந்தியாவுக்கும் பொருத்திப் பார்க்க இயலாது.